சலோமி அக்காவின் பூப்பொட்டலம்

எங்கள் சலோமி அக்காவுக்குப் பயம் காலைக் காபியோடு வரும்; படுக்கும்போதும் போகாது. மழை பிடித்தால் வாய்க்கால் உடைந்துவிடுமோ என்று பயம், மழை விட்டால் நாற்று கருகிவிடுமோ என்று பயம். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும், சிலுவை போட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுவார். அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் கேட்கத்தான் நின்றிருப்பார்.

நான் அவருக்கு ஓர்ப்படி. அவர் மூத்த மருமகள், நான் இளையவள், பெயர் இருதயமேரி. வரிச்சிக்குடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை. நடுவில் வேலிகூடக் கிடையாது. அதனால் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருக்க முடியாது என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

கல்யாணமாகி வரும்போது அக்கா குரும்பகரத்துப் பிறந்த வீட்டிலிருந்து ஓர் அந்தோணியார் சுரூபம் கொண்டுவந்தார். முழ உயரம், பலா மரம். அந்த வீட்டுக் கொல்லையில் காற்றில் சாய்ந்த மரமாம். ஆசாரி அதில் ஒரு கதவு செய்து, இரண்டு மணைப்பலகை செய்து, மிஞ்சிய கட்டையில் அந்தோணியாரைச் செய்தார். மணைப்பலகையில் ஒன்றும் சீரோடு வந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் மீன் ஆய்வோம். "ஒரே மரம், ஒரு துண்டுமேல குந்திக்கிட்டு இன்னொரு துண்டக் கும்புடுறோமேக்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை.

ஜூன் மாத அந்தோணியார் திருநாளுக்கு முன்னால் வருடா வருடம் அக்காவின் வீட்டுக்காரர் இஞ்ஞாசி, கையில் கிடைத்த பெயிண்டை எடுத்துச் சுரூபத்துக்கு அடிப்பார். ஒரு வருடம் கண் வரைந்தபோது கை நடுங்கிவிட்டது. அதிலிருந்து அந்தோணியார் எங்களைப் பார்க்க மாட்டார், மூலையில் இருந்த நெல் மூட்டையைத்தான் பார்ப்பார். அந்தக் கண்ணுக்குத்தான் அந்த வீடே நடுங்கியது.

காரணம், அக்கா அந்தச் சுரூபத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் இலைத்துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழை நாரால் கட்டி, சாமிக்கு முன்னால் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பக்கத்து வீட்டுக் காசியம்மா அவர்களுடைய மாரியம்மன் கோயிலில் செய்வார். மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் சனம் செய்யக் கூடாது. அக்கா செய்தார். அதற்கென்றே கொல்லையில் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் வைத்து வளர்த்தார்.

அவருக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி ஒதுக்கினதை மனுசர் தொட்டால் குற்றம் வரும் என்பார். எடுத்ததைப் பிரித்து எங்களுக்குக் காட்டிவிட்டு, மற்றதை அப்படியே எரிகிற அடுப்பில் போட்டுவிடுவார். என்ன இருந்தாலும் பக்தி பக்திதான் என்று நானே நினைத்திருக்கிறேன்.

சேதி பங்குச் சாமியார் காதுக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பெயர் சொல்லாமல் போட்டுக் காய்ச்சினார். அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்கள் நமக்காக மன்றாடுகிறவர்கள், நாம் செதுக்கிய மரமோ குறி சொல்லாது, வாய் வரைந்துவிட்டால் பேச்சு வந்துவிடாது என்றார். பேசாத ஒன்றிடம் போய்ப் பதில் வாங்கி வருகிறவர்கள் அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது யோசித்துப் பார்க்கட்டும் என்றும் சொன்னார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பின. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில், "சாமியாருக்குப் புள்ளயா குட்டியா? பயம்னா என்னான்னு அவருக்கு என்னா தெரியும்?" என்றார்.

இஞ்ஞாசி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் வீட்டில் எதற்கும் வாய் திறக்காதவர் என்று அர்த்தம். பிரான்சில் இருந்த சித்தப்பா ஒருவர் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். போகலாமா என்று அக்கா பூக்கட்டினார். சிவப்பு வந்தது. இஞ்ஞாசி மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், அந்தோணிமேரி. நன்றாகப் படிப்பாள். எழுபத்தேழில் பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருடம் பாண்டிச்சேரியில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. தகரப் பெட்டியைத் துடைத்துத் துணி அடுக்கிக்கூட வைத்துவிட்டாள். அக்கா பூக்கட்டினார். சிவப்பு. அந்தப் பெண் அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "சரிங்க அந்தோணியாரே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"ஒரு மரக்கட்ட சொல்லிச்சுன்னு புள்ள படிப்ப நிறுத்துறீங்களேக்கா!" என்று கொல்லையில் நின்று கத்தினேன்.

"நானா நிறுத்துனேன்? அவருல்ல சொன்னாரு" என்றார் அக்கா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவின் பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. அவருடைய ஒரே தங்கை தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்து, நிலைமை முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். முற்றிய பிறகு என்பது அக்காவின் மனதில் நிற்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து போனவள் பாயில் சுற்றி வந்தாள் என்பது மட்டும் நின்றுவிட்டது. அதிலிருந்து அவருக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லே ஆகாது. மகள் நர்ஸ் வேலைக்குப் போவது எப்படி ஆகும்?

எண்பத்து நான்காம் வருடம் கார்த்திகை மழையில் அந்தோணிமேரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளை திருச்சியில் மில்லில் இருந்தார். விடியும்போதே வலி கண்டுவிட்டது. காசியம்மாவைக் கூப்பிட்டோம். ஊரில் பாதிப் பேர் அந்த அம்மாள் கையில் பிறந்தவர்கள். வயிற்றைத் தடவிப் பார்த்த காசியம்மாவின் முகம் மாறிவிட்டது. கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"புள்ள குறுக்க கெடக்கு சலோமி. இது என் கையில ஆவாது. காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. பஸ்ஸு ஓடல. எங்க வூட்டுக்காரர வண்டி பூட்டச் சொல்றேன்."

அக்கா மழையில் நனைந்தபடி கொல்லைக்குப் போனார். திரும்பி வரும்போது ஈரக் கையில் இரண்டு பொட்டலம் இருந்தது.

"ஏன்டி, பூக்கட்டுற நேரமாடி இது?" என்று காசியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"வூட்டுலயே சொகமாப் பெத்துக்கலாமான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுடுறேன்க்கா" என்று அக்கா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை. அதை உள்ளே கொண்டுபோய் மகளின் தலைமாட்டில் வைத்து, "பயப்படாத கண்ணு. அந்தோணியாரு உத்தரவு குடுத்துட்டாரு. எங்கயும் போவ வேணாம்" என்றார். மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். விறகு நனைந்து அடுப்பு அன்று பற்றவே இல்லை. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

முத்தையன், காசியம்மாவின் கணவர், பூட்டிய வண்டியோடு வாசலில் நனைந்துகொண்டு நின்றார். இஞ்ஞாசி வண்டிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். உள்ளே அந்தோணிமேரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு வலிக்கும் நந்தியாவட்டைப் பூவைப் பார்த்துக்கொண்டாள். போகலாம் என்று நான் சொன்னால் கேட்பார் யாருமில்லை. நேரம் போகப் போக அந்தப் பெண்ணின் உதடு வெளுத்தது.

காசியம்மா மறுபடியும் பார்த்தார். "இனிமே நான் தொட மாட்டேன். இப்பவே தூக்குனா ரெண்டு உசுரு. இல்லன்னா என்னயக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் போய் அந்தோணிமேரியின் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவள் கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் வர மாட்டேன் சித்தி. அவரு இங்கயே இருன்னுட்டாரு. மீறிப் போனா நானும் சின்னம்மா மாதிரி பாயிலதான் வருவேன். என்னய விட்டுடுங்க."

பிடியை விடுவிக்க முடியவில்லை. வலியில் கிடக்கிற பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "அக்கா, நீங்க சொல்லுங்க! நீங்க சொன்னாதான் கேப்பா!" என்று கத்தினேன்.

அக்கா மகளையும் மாடத்தில் இருந்த சுரூபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ தடவை அவர் பயந்து பார்த்திருக்கிறேன், இது வேறு. பிறகு இடுப்பிலிருந்து அந்த மற்றப் பொட்டலத்தை எடுத்தார்.

"பிரிக்காதம்மா! குத்தம்மா!" என்று அந்தோணிமேரி அலறினாள்.

அக்கா நாரை அறுத்தார். இலை விரிந்தது. உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

காசியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவரு ஒண்ணும் சொல்லலடி" என்றார் அக்கா. "நாந்தான் சொன்னேன். சின்ன விசயம்னா சரியாத்தான் கட்டுவேன். பயம் வந்துட்டா கை தானா ஒரே பூவப் பறிக்குது. ரெண்டுலயும் அதையே வச்சிக் கட்டிடுறேன். நீ எந்திரி. போவோம். எந்திரிடி தாயே."

வலி சற்று இறங்கியபோது அந்தோணிமேரி கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப பாண்டிச்சேரி?"

"அதுலயும் ரெண்டும் செவப்பு."

இஞ்ஞாசி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரான்சைப் பற்றி அவர் கேட்கவில்லை. முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து, மகளைத் தூக்கினார். அவள் கட்டில் காலை விட்டுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்காவை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன். அதற்கு நேரமில்லை.

வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் பிடித்து அவளைப் படுக்கவைத்தோம். கடைசியில் ஏறிய அக்காவின் மடியில் பார்த்தால், சுரூபம்! முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"இன்னும் அது எதுக்குக்கா?" என்று சீறினேன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி" என்றார்.

கோட்டுச்சேரிக்கு முன்னால் சாலைமேல் தண்ணீர் ஓடியது. எது சாலை, எது வயல் என்று தெரியவில்லை. முத்தையன் இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு மதகைத் தாண்டும்போது இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. மாடுகள் முட்டி போட்டன. நானும் இஞ்ஞாசியும் காசியம்மாவும் இறங்கித் தள்ளினோம். சக்கரம் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. உள்ளே அந்தோணிமேரியின் சத்தம் நின்றுபோயிருந்தது. கத்திக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

"அண்டக் குடுக்க ஒரு கட்ட வேணும்! ஒரு கல்லு, கட்ட, எதாச்சும்!" என்று முத்தையன் கத்தினார். சுற்றிலும் தண்ணீர்தான். கல் எங்கே இருக்கும்? நாங்கள் குனிந்து சேற்றில் துழாவிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று முந்தானையைப் பிரித்துச் சுரூபத்தை எடுத்து நீட்டினார்.

முத்தையன் பின்வாங்கிவிட்டார். "அய்யய்யோ, சாமி இல்லியா அது! நான் தொட மாட்டேன்."

"மரம்ங்க" என்றார் அக்கா. முத்தையன் வாங்கவில்லை. அக்காவே சேற்றில் குனிந்து, அதைச் சக்கரத்தின் அடியில் தலைகீழாகச் செருகி, காலால் மிதித்து இறுக்கினார். "ஓட்டுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மாடு இழுத்தது. கட்டை மளுக்கென்று விரிசல்விட்ட சத்தம் கேட்டது. சக்கரம் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. யாரும் நின்று திரும்பிப் பார்க்கவில்லை. மேலே மோட்சத்தில் இருக்கிற அந்தோணியார் இதற்கு வருத்தப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் இருந்திருந்தால் அவரே இறங்கித் தள்ளியிருப்பார். அந்த மரம் எங்கள் குடும்பத்துக்கு வந்து இத்தனை வருடத்தில் செய்த ஒரே உதவி அதுதான். மரத்தால் முடிந்த உதவி.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "ஆபரேஷன் பண்ணணும். ரொம்ப நேரமாயிடுச்சு. ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பாப்போம், ஆனா உறுதி சொல்ல முடியாது. பண்ணலாமா? யாரு சொல்றது?"

இஞ்ஞாசி அக்காவைப் பார்த்தார். காசியம்மாவும் அக்காவைப் பார்த்தார். வாழ்நாள் பூராவும் அப்படியே பழகிவிட்டது, நானும் அவரைத்தான் பார்த்தேன். அக்காவின் கை மடியைத் தடவியது. ஈரப் புடவைதான் இருந்தது.

"யாரப் பாத்துடி கேக்குறது?" என்றார் என்னிடம். சிறு பிள்ளை கேட்பதுபோல இருந்தது. நாலு வார்த்தை திட்டலாம் என்று வைத்திருந்தவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ண மூடிக்கங்கக்கா. ஆண்டவரப் பாக்க ஒரு மொகம் எதுக்கு?"

கண்ணை மூடினார். உடனே திறந்துவிட்டார். "ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா ஒருதரம் மூச்சை இழுத்தார்.

"பண்ணுங்கம்மா. நான் சொல்றேன். பண்ணுங்க."

கதவு மூடியது. அதன்பிறகு அக்கா உட்காரவில்லை. சுவரோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தார். கையில் செபமாலைகூட இல்லை. "காப்பாத்துங்க சேசுவே. காப்பாத்துங்க. இல்லன்னா தாங்குறதுக்காச்சும் தெம்பக் குடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். போவோர் வருவோர் பார்த்தார்கள். அக்கா அன்றைக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்க்கவில்லை, கெஞ்சினார். அவர் செபம் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. எனக்கோ ஒரு செபமும் நினைவுக்கு வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியத்துக்குப் பிறகு கதவு திறந்தது. ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். "பொண்ணுங்க. தாயும் நல்லா இருக்காங்க. மயக்கம் தெளிய நேரமாகும்" என்று குழந்தையை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. அந்த நர்ஸுக்கு எங்கள் அந்தோணிமேரி வயதுதான் இருக்கும். அவள் போட்டிருந்த வெள்ளை உடுப்பையே அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் கொட்டியதே தவிரக் கை நீளவில்லை. கடைசியில் நான்தான் வாங்கினேன்.

மறுநாள் காலையில் அந்தோணிமேரி கண் திறந்து எங்களை அடையாளம் கண்டாள். இஞ்ஞாசியோடு பேசினாள். என்னிடம் தண்ணீர் கேட்டாள். காசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கால்மாட்டில் நின்ற தாயைப் பார்க்கவே இல்லை. அக்கா நகரவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

வெகுநேரம் கழித்து, குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா, இவளுக்குன்னு ஒருநாளும் பூக்கட்டாத."

"மாட்டேன்."

"பயமா இருந்தா, பயமா இருக்குன்னு சொல்லு. அவரு சொன்னாரு, இவரு சொன்னாருன்னு சொல்லாத."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருக்குடி" என்றார். "நீ இனிமே என்னோட பேச மாட்டியோன்னு பயமா இருக்கு."

அந்தோணிமேரி கொஞ்சம் நகர்ந்து படுத்துக் கட்டிலில் இடம் விட்டாள். அக்கா வந்து ஓரமாக உட்கார்ந்ததும், குழந்தையை எடுத்து அவருடைய மடியில் வைக்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினாள்.